ஆறாத புண்ணுக்கு எத்தனை நாள் மாத்திரை? பெரிய ஆஸ்பத்திரி சீட்டு தாமதமாவது ஏன்?

ராணிப்பேட்டை:

வாயில் ஒரு புண். முதலில் மெடிக்கல் ஷாப்பில் சத்து மாத்திரை. ஒரு வாரம் கழித்து தெருமுனை டாக்டரிடம் ஒரு ஊசி. அதுவும் கேட்கவில்லை என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு டாக்டர், இன்னொரு மாத்திரை. இப்படியே மூன்று மாதம் ஓடிவிடும். நாலாவது மாதம் வாயைத் திறந்து சோறு சாப்பிட முடியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே கேட்கும் முதல் கேள்வி, "இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க?" என்பதுதான்.

எங்கே இருந்தார்? வீட்டில் சும்மா படுத்துக் கிடக்கவில்லை. கூலியை விட்டுவிட்டு டாக்டர் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். டாக்டரையே பார்க்காமல் நோய் முற்றியவர்கள் ஒரு பக்கம். டாக்டரைத் தவறாமல் பார்த்தும் நோய் முற்றியவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

புற்றுநோயில் நாள் கணக்கு முக்கியம். ஆரம்பத்தில் பிடித்தால் வாய்ப்புற்றை பெரும்பாலும் ஒரு ஆபரேஷனோடு முடிக்கலாம். முற்றிவிட்டால் ஆபரேஷன், கரண்ட் வைத்தியம் எனப்படும் கதிர்வீச்சு, கீமோ ஊசி என்று எல்லாமே தேவைப்படும். செலவும் ஏறும், பிழைக்கும் வாய்ப்பும் குறையும்.

தேசிய புற்றுநோய் பதிவேடு 2020-ம் ஆண்டு வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. தலை, கழுத்துப் பகுதி புற்றுநோயாளிகளில் 66.6 சதவீதம் பேருக்கு, நோய் தொடங்கிய இடத்தைத் தாண்டி சுற்றுப்பகுதிக்குப் பரவிய பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் இது 60 சதவீதம். மார்பகப் புற்றில் 57 சதவீதம். அதாவது வாய்ப்புற்று, தொண்டைப் புற்று வந்த 3 பேரில் 2 பேர் தாமதமாகத்தான் சரியான இடத்துக்கு வந்து சேருகிறார்கள்.

விதி என்ன சொல்கிறது?

எந்த அறிகுறி இருந்தால் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதி வைத்த விதி இல்லையா? இருக்கிறது. மத்திய அரசின் தொற்றா நோய் தடுப்புத் திட்டத்தில் 30 வயது தாண்டியவர்களிடம் களப்பணியாளர்கள் கேட்பதற்கு ஒரு கேள்வித்தாள் உண்டு. அதில் உள்ள கேள்விகள் சாதாரண மனிதனுக்கும் புரியும்படியே இருக்கின்றன.

வாயில் 2 வாரமாக ஆறாத புண், வெள்ளைத் திட்டு, கட்டி ஏதாவது உண்டா? வாயைத் திறக்க கஷ்டமா? குரல் மாறியிருக்கிறதா? 2 வாரத்துக்கு மேல் இருமலா? சளியில் ரத்தமா? பெண்களுக்கு, மார்பில் கட்டி உண்டா? காம்பில் ரத்தம் கசிகிறதா? மார்பின் வடிவம் மாறியிருக்கிறதா? இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம் படுகிறதா? மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் வருகிறதா? தாம்பத்தியத்துக்குப் பிறகு வருகிறதா? துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறதா?

இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்று பதில் வந்தாலும் அந்த நபரை உடனே டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே சந்தேகம் உறுதியானால் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சதை எடுத்து டெஸ்ட் செய்ய வேண்டும். இவ்வளவுதான் விதி.

ஆனால் இந்தக் கேள்வித்தாள் அரசுத் திட்டத்துக்கு உரியது. ஜனங்கள் காய்ச்சல், இருமல் என்று முதலில் ஓடுவது எங்கே? தெருவில் உள்ள கிளினிக்குக்கு. இல்லையென்றால் மெடிக்கல் ஷாப்புக்கு. அந்த மேஜையில் இந்தத் தாள் கிடையாது. புண் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்பதும் கேட்காமல் விடுவதும் அந்த டாக்டரின் பழக்கத்தைப் பொறுத்தது.

இங்கிலாந்திலும் இதே கதை!

டாக்டர்கள் விதியைப் பார்த்து நடக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்த நாடு ஒன்று உண்டு. அது இங்கிலாந்து. அங்கே ஒவ்வொருவரும் ஒரு குடும்ப டாக்டரிடம் பெயர் பதிந்து வைத்திருப்பார்கள். அவர் சீட்டு எழுதினால்தான் பெரிய ஆஸ்பத்திரி சிறப்பு டாக்டரைப் பார்க்க முடியும். எந்த அறிகுறிக்கு அவசர சீட்டு எழுத வேண்டும் என்று அரசு அமைப்பு ஒன்று விதிப்புத்தகமே போட்டிருக்கிறது.

அந்த நாட்டில் 2014, 2015-ம் ஆண்டுகளில் டாக்டரைப் பார்த்த 48 ஆயிரத்து 715 பேரின் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தனர். சிறுநீரில் ரத்தம், மார்பில் கட்டி, விழுங்க சிரமம், இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை, மாதவிலக்கு நின்ற பின் ரத்தப்போக்கு, ஆசனவாயில் ரத்தம் என்ற 6 அறிகுறிகளில் ஒன்று அவர்களுக்கு இருந்தது. விதிப்படி அவசர சீட்டு எழுத வேண்டியவர்கள்.

2021-ம் ஆண்டு வெளியான முடிவு அங்கேயே பலரை அதிர வைத்தது. 14 நாளுக்குள் அவசர சீட்டு கிடைத்தது 100-க்கு 40 பேருக்குத்தான். மார்பில் கட்டி என்று போனவர்களில் 68 சதவீதம் பேருக்கு சீட்டு கிடைத்தது. விழுங்க முடியவில்லை என்று போனவர்களில் வெறும் 17 சதவீதம் பேருக்குத்தான் கிடைத்தது. கைக்குத் தட்டுப்படும் கட்டி என்றால் டாக்டர் உஷாராகிறார். "சோறு இறங்க மாட்டேங்குது" என்று வாயால் சொன்னால் அல்சர், கேஸ் என்று போய்விடுகிறது. வயது குறைந்தவர்களுக்கும், ஏற்கனவே வேறு நோய்கள் உள்ளவர்களுக்கும் சீட்டு கிடைப்பது இன்னும் குறைவு.

அவசர சீட்டு கிடைக்காமல் போனவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. 100-க்கு 3.6 பேர்.

காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கும் நாடு. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நோயாளியின் கணக்கும் இருக்கிறது. விதிப்புத்தகமும் மேஜையிலேயே இருக்கிறது. அங்கேயே இந்த நிலை என்றால், சீட்டும் இல்லாமல் கணக்கும் இல்லாமல் மாத்திரை கைமாறும் இடத்தில் எத்தனை பேர் விட்டுப் போவார்கள்?

டாக்டர் ஏன் தயங்குகிறார்?

எல்லாப் பழியையும் டாக்டர் தலையில் போடுவதும் நியாயம் அல்ல. ஒரு சின்ன கிளினிக்கில் சாயங்காலம் நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். வாய்ப்புண் என்று வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது வெறும் புண்தான். வயிற்று வலிக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு வெறும் அல்சர்தான். ஒருவருக்கு இரண்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் ஒதுக்க முடியாது.

"கேன்சரா இருக்குமோ" என்று வாயைத் திறந்தால் அந்தக் குடும்பம் இடிந்து போகும் என்ற பயமும் இருக்கிறது. "அந்த டாக்டர் சும்மா பயமுறுத்துறாரு" என்று பெயர் வந்தால் அடுத்த நாள் கூட்டம் பக்கத்து கிளினிக்குக்குப் போய்விடும். ஊசி போட்டு மாத்திரை கொடுத்து அனுப்புவது இரண்டு பேருக்குமே அன்றைக்கு நிம்மதி.

இங்கேதான் ஒரு விஷயத்தை மக்கள் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலே கேன்சர் என்று அர்த்தம் அல்ல. இங்கிலாந்து விதிப்புத்தகம் 2015-ம் ஆண்டு திருத்தப்பட்டபோது, ஒரு அறிகுறி உள்ள 100 பேரில் 3 பேருக்கு நோய் இருக்க வாய்ப்பு இருந்தாலே அனுப்பலாம் என்ற அளவை வைத்துத்தான் பெரும்பாலான விதிகள் எழுதப்பட்டன. அதாவது அனுப்பப்படும் 100 பேரில் 97 பேர் வரை "ஒண்ணும் இல்லை" என்று சிரித்த முகத்தோடு திரும்பினாலும் விதி சரிதான். மீதி 3 பேரின் உயிருக்காகத்தான் அந்த சீட்டு.

எனவே சீட்டு எழுதிய டாக்டர் பயமுறுத்துகிறவர் அல்ல. தன் கையில் இல்லாத டெஸ்டை, இருக்கிற இடத்தில் செய்யச் சொல்கிறவர்.

மூலமா? டி.பி.யா? சூடா?

புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகள் பெரும்பாலும் வேறு பெயரில்தான் உலாவுகின்றன. ஆசனவாயில் ரத்தம் வந்தால் மூலம். "மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்ற போஸ்டர் இல்லாத பஸ் ஸ்டாண்டு உண்டா? அந்த போஸ்டரைப் பார்த்துப் போனவர்கள் மாதக்கணக்கில் லேகியம் சாப்பிடுகிறார்கள். மூலமாகவே இருக்கலாம். ஆனால் விரல் விட்டுப் பார்க்காமல், தேவைப்பட்டால் குழாய் விட்டுப் பார்க்காமல் அது மூலம்தான் என்று யாராலும் சொல்ல முடியாது.

இருமல் நின்றபாடில்லை, எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்றால் டி.பி. சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்காமலே டி.பி. மாத்திரை தொடங்கப்பட்டு, பல மாதம் கழித்து நுரையீரல் புற்று என்று தெரியவரும் சம்பவங்கள் இந்தியா முழுக்க டாக்டர்களே ஒத்துக்கொள்ளும் பிரச்சினை. டி.பி. மாத்திரைக்கு உடம்பு தேறவில்லை என்றால் மறுபடி யோசிக்க வேண்டும்.

மாதவிலக்கு நின்று வருடக்கணக்கான பெண்ணுக்குத் திடீரென ரத்தம் பட்டால் "உடம்பு சூடு" என்று இளநீர் குடிக்கச் சொல்கிறார்கள். 60 வயது தாண்டியவர் ரத்தம் குறைந்து வெளுத்துப் போனால் டானிக் எழுதுகிறார்கள். ரத்தம் ஏன் குறைந்தது, எங்கே போகிறது என்று கேட்பது அபூர்வம்.

மார்பில் கட்டி இருந்தும் பெண்கள் வெளியே சொல்லாததற்குக் காரணம், அது வலிக்காததுதான். "வலி இல்லையே, அப்புறம் என்ன" என்று விட்டுவிடுகிறார்கள். மார்பகப் புற்றுக் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது என்பதே உண்மை. ஆண் டாக்டரிடம் காட்ட வெட்கம் வேறு. "கத்தி பட்டா பரவிடும், ஊசி குத்தினா பரவிடும்" என்ற வதந்தியும் பலரை டெஸ்டுக்குப் போகவிடாமல் தடுக்கிறது. சதைப் பரிசோதனை இல்லாமல் புற்றுநோயை உறுதி செய்யவும் முடியாது, வைத்தியம் தொடங்கவும் முடியாது.

ராணிப்பேட்டையில் தொடங்கிய திட்டம்

தமிழக அரசு சமுதாய அளவிலான புற்றுநோய் பரிசோதனைத் திட்டத்தை 2023-ம் ஆண்டு நவம்பரில் முதல்கட்டமாகத் தொடங்கியபோது தேர்வு செய்த மாவட்டங்களில் ராணிப்பேட்டையும் ஒன்று. ஈரோடு, கன்னியாகுமரி, திருப்பத்தூர் மற்ற மூன்று. வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளையும் ஆரம்பத்திலேயே பிடிப்பதுதான் நோக்கம்.

டெஸ்ட் ஒன்றும் பெரிய விஷயம் அல்ல. வாயை டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். மார்பை நர்சு அல்லது டாக்டர் கையால் தடவிப் பார்ப்பார். கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற திரவத்தைத் தடவி நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். ஆனாலும் ஜனங்கள் போவதில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், கர்ப்பப்பை வாய் பரிசோதனையை வாழ்நாளில் ஒரு தடவையாவது செய்துகொண்ட பெண்கள் நாடு முழுக்க 1.9 சதவீதம். மார்பகப் பரிசோதனை 0.9 சதவீதம். நூறு பெண்களில் இரண்டு பேர்கூட இல்லை.

நல்லா இருக்கிறவர்களைக் கூப்பிட்டு டெஸ்ட் செய்வது ஒரு வேலை. ஏற்கனவே புண்ணோடும் ரத்தத்தோடும் கிளினிக் வாசலில் நிற்பவரை சரியான இடத்துக்கு அனுப்புவது இன்னொரு வேலை. முதல் வேலைக்குத் திட்டம் வந்தது. இரண்டாவது வேலை இன்னும் தனியார் டாக்டரின் நல்ல மனசை நம்பியே ஓடிக்கொண்டிருக்கிறது.

சீட்டு எழுதினால் போதுமா?

சரி, டாக்டர் சீட்டு எழுதிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன? அந்த சீட்டு சட்டைப்பையில் கிடந்து கசங்குகிறது. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. கூட ஒருவர் வந்தால் இரண்டு கூலி. "பொங்கல் முடியட்டும்", "பிள்ளைக்கு பீஸ் கட்டிட்டுப் போகலாம்" என்று தள்ளிக்கொண்டே போகிறது. போனவர் போனாரா, டெஸ்ட் எடுத்தாரா, ரிசல்ட் என்ன ஆச்சு என்று சீட்டு எழுதிய டாக்டருக்கும் தெரியாது.

இங்கிலாந்தில் அவசர சீட்டு வந்தால் 2 வாரத்துக்குள் சிறப்பு டாக்டர் பார்க்க வேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. 2023-ம் ஆண்டு அக்டோபரில் அதை மாற்றினார்கள். டாக்டர் பார்த்தால் மட்டும் போதாது, சீட்டு எழுதிய 28 நாளுக்குள் "புற்றுநோய் உண்டு" அல்லது "இல்லை" என்று நோயாளியிடம் சொல்லியாக வேண்டும் என்பது இப்போதைய இலக்கு. அதிலும் தாமதங்கள் உண்டு. ஆனால் எத்தனை பேருக்கு நாள் தவறியது என்று மாதாமாதம் கணக்கு வெளியிடுகிறார்கள். கணக்கு இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும்.

இங்கே செய்ய வேண்டியதும் அதுதான். தனியார் கிளினிக்குகளுக்கும் ஒரே மாதிரி ஒரு சீட்டு. அதில் ஒரு பிரதி நோயாளிக்கு, ஒரு பிரதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. டி.பி. நோயாளி பற்றி தனியார் டாக்டர்களும் அரசுக்குத் தகவல் தரவேண்டும் என்ற விதி 2012-ம் ஆண்டு முதலே இருக்கிறது. புற்றுநோய் சந்தேகத்துக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வந்தால், வீட்டுக்கு பி.பி., சுகர் மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரே "அக்கா, வாலாஜா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தாச்சா?" என்று கேட்டுவிடலாம். ஒரு கேள்விக்கு செலவு ஒன்றும் இல்லை.

எங்கே போவது? செலவு?

மாவட்டத்தில் சந்தேகம் உள்ளவர்கள் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, வாலாஜா அரசு தலைமை மருத்துவமனைக்கோ போகலாம். அங்கிருந்து அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தில் காரப்பேட்டை அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1969-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ம் ஆண்டு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வழி தெரியாதவர்கள் 104 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2022 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டபோது, ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று நிர்ணயிக்கப்பட்டது. கார்டு இல்லாதவர்கள் நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீசில் விண்ணப்பிப்பது நல்லது.

இ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் தோல் தொழிற்சாலை, சிப்காட் தொழிலாளர்களுக்கு இன்னொரு உரிமையும் உண்டு. புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, தேவையான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், 2 ஆண்டு வரை சம்பளத்தில் 80 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். இது தெரியாமலே வேலையை விட்டவர்கள் உண்டு. சம்பள சீட்டில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்வி

டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று தொழிலாளர் குடும்பங்களில் ஒரு நினைப்பு இருக்கிறது. அது தேவையில்லை. மூன்றே கேள்வி போதும்.

ஒன்று: "இது எதனால வந்தது டாக்டர்?" இரண்டு: "இந்த மாத்திரைக்கு எத்தனை நாள்ல சரியாகணும்?" மூன்று: "அதுக்குள்ள சரியாகலேன்னா எங்கே போய் என்ன டெஸ்ட் எடுக்கணும்?" மூன்றாவது கேள்விக்கான பதிலை சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லலாம். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இன்னொன்று, டாக்டரை மாற்றினாலும் பழைய சீட்டை வீசக்கூடாது. ஒவ்வொரு டாக்டரும் தன்னிடம் வந்த நாளைத்தான் முதல் நாள் என்று கணக்கு வைக்கிறார். மூன்று டாக்டரிடம் பத்து பத்து நாள் மாத்திரை சாப்பிட்டால் அது ஒரு மாதம் ஆறாத புண். பழைய சீட்டுகள் கையில் இருந்தால்தான் அது தெரியும். ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றவர் தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதியே சொல்கிறது.

புகையிலை, பாக்கு, பீடி பழக்கம் உள்ளவர்கள் மாதம் ஒரு தடவை கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடிப்பக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, ஆறாத புண் தெரிந்தால் காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்து வைக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து 15-வது நாளும் புண் அப்படியே இருந்தால், இன்னொரு மாத்திரை வேண்டாம். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிட வேண்டும்.